ரோந்து நோட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏற்காடு மலையில், டவுனிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர் எங்களுடையது. நூற்றிச் சொச்சம் வீடுகள். காபி, மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. போன வருஷம் மிளகு பறிப்புச் சமயத்தில் மூன்று தோட்டங்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொடியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பைக்கும் காணாமல் போயின. கொங்குப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்கள் கொலையான செய்திகளைப் படித்ததிலிருந்து எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சரியாகத் தூங்குவதில்லை. அதனால் இளைஞர்கள் சேர்ந்து இரவு ரோந்து ஆரம்பிக்கிறோம். ஆறு கேமரா, ஒரு வாட்ஸப் குழு, ராத்திரி வருகிறவர் போகிறவரைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு, எஸ்டேட்டுகளில் தங்கியிருக்கும் வடக்கத்தி ஆட்களின் ஆதார் ஜெராக்ஸ். இதுதான் திட்டம். ஊரில் சிலர், முக்கியமாகப் பெண்கள், இது எங்களை வேவு பார்ப்பது போல இருக்கிறது என்கிறார்கள். எங்கள் குழுத் தலைவரோ, "ஊருக்குள்ள என்ன பிரைவசி, நமக்குள்ள என்ன ரகசியம்" என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் சரி என்றே படுகிறது. கேமராவை எங்கே வைக்கலாம்? நோட்டை யாரிடம் கொடுத்து வைப்பது? சட்டம் என்ன சொல்கிறது?

(பெயர், ஊர் நீக்கப்பட்டுள்ளன)

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். நூறு வீடு உள்ள ஊரில், தலைவர் சொன்னதை வெளியே சொன்னது யார் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகாது.

கடிதம் வந்த வாரம் இதே விஷயம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. சேலத்தில் நான் குடியிருக்கும் தெருவிலும் ஒரு வாட்ஸப் குழு உண்டு. தண்ணீர் வரும் நேரம், குப்பை வண்டி, பாம்பு புகுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று உருப்படியாக ஓடிக்கொண்டிருந்த குழு. போன மாதம் ஒருவர் தன் வாசல் கேமராவிலிருந்து ஒரு துண்டு வீடியோவைப் போட்டார். ராத்திரி பதினொன்றே கால். ஒரு பெண் பைக்கிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருமுனையிலிருந்து நடந்து வருகிறாள். "இது யார் வீட்டுப் பொண்ணு? பாதுகாப்புக்காகக் கேட்கிறேன்" என்று கீழே ஒரு வரி. அந்தப் பெண் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வருகிறாள், கூட வேலை பார்க்கும் பையன் கொண்டுவந்து விட்டிருக்கிறான். இப்போது அவளுடைய அப்பா தினமும் ராத்திரி பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறார். முட்டி வலிக்காரர். அந்தத் தெருவில் யாருக்கு என்ன பாதுகாப்புக் கிடைத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

கேமராவைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. எந்தக் கம்பெனி, எத்தனை மெகாபிக்சல் என்பதைக் கடைக்காரர் சொல்வார். ஆனால் உங்கள் மலைக்கு ஒரு குணம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. கேமரா ராத்திரியில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித்தான் பார்க்கிறது. மூட்டத்தில் அந்த ஒளி பட்டுத் திரும்பி லென்ஸிலேயே அடிக்கும், திரை முழுக்க வெள்ளையாக நிற்கும். போதாததற்கு லென்ஸைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டும். ஆறு கேமராவை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்து அந்த ஆதார் ஜெராக்ஸ். தம்பி, அந்த வரியை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? சனி, ஞாயிறு ஆனால் கொண்டை ஊசி வளைவு ஏறி வண்டி வண்டியாக வருகிறார்களே, அவர்களிடம் கேட்பீர்களா ஜெராக்ஸ்? கேட்க மாட்டீர்கள். காபிப் பழம் பறிக்க வந்து, லைன் வீட்டில் ஒரு அறையில் ஐந்து பேராகப் படுத்துக் கிடக்கிறவனிடம் மட்டும் கேட்பீர்கள். யாரை வேலைக்கு வைத்திருக்கிறோம் என்ற விவரம் எஸ்டேட்டிடம் இருக்கும். தேவைப்பட்டால் போலீஸ் அங்கே கேட்டுக்கொள்ளும். ஊர்க் குழுவுக்கு அதில் வேலை இல்லை.

இந்த மண்ணில் இது ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. 1871-இல் வடக்கே ஆரம்பித்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தவன் என்பதற்காகவே பெயரை ரிஜிஸ்டரில் ஏற்றிக் கைரேகை எடுத்தார்கள், ராத்திரியில் ஆஜர் சொல்ல வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1947-இல். அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சாதிகளைத்தான் சீர்மரபினர் என்கிறார்கள். அரசின் சீர்மரபினர் பட்டியலை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊர்ப் பெயரோடே இருக்கும். உப்பு மூட்டையை மாட்டின் மேல் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்றவர்கள் உப்புக் குறவர்கள். ரயில் வந்து அந்த வியாபாரம் படுத்தது. ஓரிடத்தில் தங்காதவன், ராத்திரியில் நடமாடுகிறவன், நமக்குப் புரியாத பேச்சுப் பேசுகிறவன். இதுவே போதும் என்று நோட்டில் ஏற்றினார்கள். உங்கள் பட்டியலும் இதே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இனி நோட்டு. யாரிடம் கொடுத்து வைப்பது என்று கேட்டீர்கள். யாரிடமும் வேண்டாம். நோட்டே போடாதீர்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அந்த நோட்டை எழுதியவன்.

1986. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் உங்கள் மலைக்குக் கீழே, குப்பனூர்ப் பக்கம். அந்த வருஷம் வரிசையாக ஆடு காணாமல் போயிற்று. வெள்ளாடு, அதிலும் சினை ஆடு. மாரியம்மன் கோயிலில் கூடிப் பேசி எங்களைப் போன்ற பையன்களை ராக்காவலுக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு தடி. எல்லோருக்குமாக மூன்று செல் டார்ச் ஒன்று, விசில் ஒன்று. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நாற்பது பக்க நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். நானே ஸ்கேல் வைத்து நாலு பத்தி கோடு போட்டேன். தேதி, மணி, ஆள், போன திசை. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! அதுவரை ஊரில் யாரும் என்னை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. கையில் நோட்டு வந்ததும் பெரியவர்கள்கூட "தம்பி, நாந்தாம்ப்பா" என்று நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தார். புருஷன் இல்லை, வயதுக்கு வந்த பெண் ஒருத்தி. ஒருநாள் விடியற்காலையில், இன்னும் கருக்கல் கூடப் பிரியவில்லை, ஒயர் கூடையோடு மெயின் ரோட்டைப் பார்த்து வந்தார். நான் டார்ச்சை நேராக முகத்தில் அடித்தேன். முந்தானையை இழுத்துக் கூடை மேல் போட்டுக்கொண்டு, "நான்தாண்டா, கண்ணு கூசுது, அணை" என்றார். அணைத்துவிட்டுத் தெருவிளக்குக்குக் கீழே போய் எழுதினேன். மணி 4.10. கடைசி வீடு. ரோட்டுப் பக்கம். ஒன்றரை மாதத்தில் மூன்று முறை அதே வரியை எழுதினேன். தப்பாக எதுவும் எழுதவில்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதினேன்.

நோட்டு பகலில் தையல் கடையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம். மூன்று வரியைச் சேர்த்துப் படித்தவர்களுக்கு அது கதையாகிவிட்டது. யாரைப் பார்க்கப் போகிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள். பேச்சு காதுக்கு எட்டியதும் வேறு வழியில்லாமல் அந்த அக்காவே கோயில் வாசலில் வந்து நின்று சொன்னார். டிபி. சேலத்துக்கு முதல் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கி வருகிறார். பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்ததால் ஊருக்குத் தெரியாமல் போயிருக்கிறார். அப்போதெல்லாம் டிபி என்றால் அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். வரன் நின்றுபோயிற்று. அந்தப் பெண்ணுக்கு எட்டு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது, அதுவும் இரண்டாம் தாரமாக.

ஆடு திருடியவன் கடைசியில் மாட்டினான். பகலில் வந்து ஆடு விலை பேசும் தரகன். எந்த வீட்டில் எத்தனை உருப்படி என்று அவனுக்குத் தெரியாதது இல்லை. என் நோட்டில் அவன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

உங்கள் தலைவர் கேட்டதற்கு இதுதான் என் பதில். ஊருக்குள்தான் தம்பி பிரைவசி வேண்டும். சென்னையில் ஒருத்தியை விடியற்காலை நாலு மணிக்குப் பார்த்தால் யாரோ ஒருத்தி, அதோடு மறந்துபோகும். ஊரில் பார்த்தால் அவள் இன்னார் மகள், இன்னார் தங்கை, இன்ன வீட்டுக்கு மருமகளாகப் போகப்போகிறவள். ஒரு வரி எழுதினால் மூன்று தலைமுறை அதைப் படிக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில், பார்த்தும் பார்க்காதது போலப் போகிற ஒரு நாகரிகம் நம் பாட்டிகளுக்கு இருந்தது. எதிரே வருகிறவரின் பையில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். வேவு பார்ப்பது போல இருக்கிறது என்று சொன்ன பெண்களுக்கு அது தெரிந்திருக்கிறது. அவர்களைக் குழுவில் சேர்த்தீர்களா? சேர்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள்.

சட்டம் கேட்டீர்கள். கரக் சிங் என்று உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர். கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவர் பெயரைக் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றி, ராத்திரியில் வந்து கதவைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தது. அப்படி ராத்திரியில் வீடு தேடி வருவது செல்லாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. அதைச் சரிசெய்ய 2017 ஆகஸ்ட் 24 வரை ஆயிற்று, 9 நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்றார்கள். சீருடை போட்ட போலீசுக்கே இல்லாத அதிகாரம் விசில் வைத்திருக்கும் நமக்கு எங்கிருந்து வரும்?

ஒருவேளை திருடனே கையில் சிக்கினால்? கண்ணெதிரே பெரிய குற்றம் செய்கிறவனைப் பொதுமக்கள் பிடித்து வைக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. கம்பத்தில் கட்டுவது, அடிப்பது, போட்டோ எடுத்துக் குழுவில் போடுவது எதற்கும் இடமில்லை. 2018 மே மாதம் போளூர்ப் பக்கம் அத்திமூரில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம், வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

காவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக இருக்கும் கிழவனும் கிழவியும் பயந்து கிடப்பது எனக்கும் தெரியும், என் அம்மாவும் அப்படித்தான் கடைசிக் காலத்தில் ஊரில் இருந்தார். அவர்களுக்கு வேண்டியது, கூப்பிட்டால் ஓடி வரும் ஆள். ஒவ்வொரு தனி வீட்டுக்கும் பக்கத்தில் மூன்று பேர் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மிஸ்டு கால் வந்தால் போதும், மூன்று வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும், ஒருவர் 112-க்கு அடிக்க வேண்டும். ரோந்து போகிறவர்கள் தோட்டத்தையும் களத்தையும் சுற்றட்டும், வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டாம். டார்ச்சைத் தரையில் அடியுங்கள். காட்டு மாடு குறுக்கே நின்றாலும் அதுதான் நல்லது. எதிரே ஆள் வந்தால் "என்னங்க, துணைக்கு வரட்டுமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மிளகுக்கு இன்னொரு வழி இருக்கிறது. உருவிக்கொண்டு போனது பச்சை மிளகு. மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அதை அவன் எங்கேயாவது காயப் போட வேண்டும், இல்லை பச்சையாகவே யாரிடமாவது தள்ள வேண்டும். உங்கள் மலையில் மிளகு வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் போய், தோட்டம் இல்லாதவன் பச்சை மிளகு கொண்டுவந்தால் வாங்காதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள் என்று பேசிவிட்டு வரட்டும். எனக்கு ராக்காவல் காலத்தில் இந்தப் புத்தி வரவில்லை. தரகனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஊரே என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது.

கேமரா எங்கே என்றுதானே முதலில் கேட்டீர்கள். மிளகு காயப்போடும் களத்துக்கு ஒன்று, ஊருக்குள் பிரியும் ரோட்டில் வண்டி நம்பர் தெரிகிற உயரத்தில் ஒன்று. போதும். எந்த வீட்டு வாசலும், குழாயடியும் அதில் விழக்கூடாது. மாட்டியவுடனே திரையை ஊர்ப் பெண்களிடம் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகு ஸ்குருவை முறுக்குங்கள். பதிவு பதினைந்து நாளில் தானாக அழிகிற மாதிரி வையுங்கள். திருட்டு நடந்தால் மட்டும் இரண்டு பேர் சேர்ந்து திறக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

மாசியில் மிளகு பறித்து முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.