பதில்: அருமனையில் 6 தேனீப் பெட்டி, தேனீப் புழு செத்துப்போகுது, எந்த ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம்?

அண்ணே, மருந்து வாங்க ஓடாதீங்க. செத்த புழு ஒண்ணை இடுக்கியால தூக்கிப் பாருங்க. தலை மேல் நோக்கி நீட்டிக் கிடந்து, எடுத்தா தண்ணி நிறைஞ்ச பை மாதிரி முழுசா வந்தா அது தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ், தேனீப் புழுவைக் கொல்ற நோய். காய்ஞ்சா படகு மாதிரி வளைஞ்சிருக்கும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது, தேன்தான் கெடும். (அடையில மூடாத கண்ணறையில சின்னப் புழு சுருண்டு, புளிச்ச வாடை அடிச்சா அது பாக்டீரியா நோய், வேற கதை.)

இந்த வைரஸ் 1976-ல தாய்லாந்துல கண்டது, 1991-92-ல நம்ம பக்கம் இந்தியத் தேனீயை வாரிக்கிட்டுப் போச்சு. மார்த்தாண்டத்துல பெரியவங்க யாரைக் கேட்டாலும் காலிப் பெட்டிக் கதை சொல்வாங்க.

இப்போ செய்ய வேண்டியது: ராணியைக் கூண்டுல போட்டு ரெண்டு வாரம் முட்டை வைக்க விடாதீங்க. புழு இல்லன்னா வைரஸ் பெருக வழி குறையும். நோய் கண்ட அடையை வெட்டி எரிச்சிருங்க. முக்கியமா, ஒரு பெட்டியில அடை இருக்கிற மரச்சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாத்தாதீங்க; பாதிப் பேர் கெடுக்கிறது இதுலதான். ஆறுல எது தாக்குப்பிடிக்குதோ, அதுலேருந்து புது ராணி எடுங்க.