கனடாவிலிருந்து வந்த டிவிடி யாழ்ப்பாணத்தில் ஏன் ஓடுவதில்லை?

ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா அனுப்பிய பொதியில் தமிழ்ப் பட இறுவட்டுகள் ஓடுகின்றன, ஹொலிவூட் பேய்ப் படங்களும் குடும்பப் பாட்டுப் படங்களும் மட்டும் ஓடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இது இறுவட்டின் பழுதன்று, வலயக் குறியீட்டின் வேலை. நாட்டுக்கு நாடு திரையரங்க வெளியீட்டுத் திகதி வேறுபடுவதால், ஓரிடத்து இறுவட்டு இன்னோரிடத்தில் முந்திக்கொள்ளாதிருக்க, படநிறுவனங்கள் உலகை 6 வலயங்களாகப் பிரித்தன. கனடா 1, இலங்கை 5. ஒரு வலயத்துக்கான பிளேயர் வேறு வலய எண்ணுள்ள இறுவட்டை ஓட்டாது. பெட்டியின் பின்புறத்தில் உலகப் படத்துக்குள் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்ப் பட டிவிடிகளோ, கடல் கடந்தும் விற்கவேண்டியவை என்பதால், பெரும்பாலும் வலயத் தடையின்றியே வெளிவந்தன.

எல்லா வலயத்தையும் ஏற்கும் பிளேயர் ஒன்றை வாங்குவதே நல்லது. கணினியின் டிவிடி டிரைவில் வலயத்தை வழக்கமாக 5 தடவைதான் மாற்றலாம். பிறகு கடைசியாகத் தெரிவுசெய்த வலயத்திலேயே அது பூட்டிக்கொள்ளும்.

தொலைக்காட்சிப் படத்தை அனுப்பும் பழைய முறைகளில், கனடா டிவிடிகள் என்டிஎஸ்சி (NTSC) முறையையும் இலங்கை டிவிடிகள் பால் (PAL) முறையையும் பின்பற்றுகின்றன. இன்றைய தொலைக்காட்சிகளுக்கு அது பொருட்டல்ல. ஆனால் விநாடிக்கு 24 படச்சட்டங்களில் எடுத்த படத்தைப் பால் டிவிடியில் வழக்கமாக 25 ஆக ஓட்டுவதால், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், திருத்தாவிட்டால் பாட்டின் சுருதியும் சற்று ஏறும். பேய்ப் படத்தில் இதை எவரும் கவனிக்கப்போவதில்லை. பாட்டுப் படத்துக்கு மட்டும், லண்டன் உறவினர் அனுப்பும் பால் முறை இறுவட்டைவிடக் கனடா இறுவட்டையே நான் தெரிவுசெய்வேன்.