கேரவன் வண்டியின் கழிவுத் தொட்டி நாற்றத்தை நிறுத்துவது எப்படி?

கரூரில் பாடி கட்டிய உங்கள் கேரவன் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போதெல்லாம் கழிப்பறை நாற்றம் உள்ளே வருகிறது என்றும், பினாயில் எவ்வளவு ஊற்றினாலும் குறையவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் பினாயிலை நிறுத்துங்கள். அது நாற்றத்தின் மேல் இன்னொரு வாடையைப் பூசுவதோடு, கழிவைக் கரைத்துத் தரும் நுண்ணுயிரிகளையும் கொன்றுவிடுகிறது.

நாற்றம் தொட்டியில் பிறப்பது ஒன்று, வண்டிக்குள் நுழைவது வேறொன்று. உங்களுக்கு மலைப்பாதையில் மட்டும் வருவதால், நுழையும் வழியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அந்தப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆடும்போது, வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயில் நிற்க வேண்டிய நீர் சிதறி வற்றிவிடலாம். அந்த நீர்தான் வாயுவைத் தடுக்கும் கதவு. ஏறுவதற்கு முன்பும் ஏறிய பின்பும் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் தொட்டிக்குள் இருக்கும் வாயு விரிகிறது; கூரைக்குச் செல்லும் காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால் அது கழிப்பறை வழியாகத்தான் மேலே வரும். எங்கள் வண்டி தோட்டத்துச் சாளையில் நெடுநாள் நின்றபோது குளவி அந்தக் குழாயின் வாயை மண்ணால் அடைத்திருந்தது. வாயில் கொசுவலைக் கம்பி கட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கழிப்பறைக் கோப்பையின் அடியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோப்பையில் எப்போதும் சிறிது நீர் நிற்க வேண்டும். கோப்பையைத் திறந்து நீரைத் தொட்டிக்கு இறக்கும் நேரத்தில் கூரை மின்விசிறியை ஓடவிட்டால் அதுவே தொட்டிக் காற்றை உள்ளே இழுத்துவிடும்.

இனித் தொட்டிக்கு வருவோம். காற்றில்லாத இடத்தில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது; சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ வண்டியை நிறுத்தினால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். இதற்கு என் கணக்கில் முதல் மருந்து தண்ணீர்தான். வடிகால் வால்வைத் திறந்தே வைத்திருந்தால் நீர் வடிந்து மலம் மட்டும் மேடாகக் குவிந்து இறுகிவிடும். ஆகவே வால்வை மூடி வைத்து, தொட்டி முக்கால் பங்கு நிறைந்த பின் ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். கழிப்பறைத் தொட்டியை முதலிலும், குளியல் நீர்த் தொட்டியை அடுத்தும் திறந்தால், பின்னது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். காலியான தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீரும் சிறிது பாத்திரம் துலக்கும் திரவமும் ஊற்றி வண்டியை ஓட்டுங்கள். உங்களை வாட்டும் அதே வளைவுகள் தொட்டியை அலசிக் கொடுக்கும். அதன்பின் நுண்ணுயிரி அல்லது நொதி மருந்து போட்டால் போதும்.

சமையலறைக் கழிவுநீர்த் தொட்டியிலும் நாற்றம் உண்டு. எண்ணெய்த் தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பெரும்பகுதி குறையும்.

சப்பைத் தண்ணீரையே, அதாவது உப்பு மிகுந்த கடின நீரையே, பயன்படுத்தினால் சிறுநீரோடு சேர்ந்து தொட்டிச் சுவரில் சுண்ணப் படிவு ஏறும். அளவு காட்டும் முனைகளும் பொய் சொல்லத் தொடங்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு அலசலாம். ஆனால் பிளீச்சிங் பவுடரை எந்த அமிலத்தோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு எழும். சிறுநீர் தேங்கிய தொட்டியிலும் பிளீச்சிங் பவுடர் நச்சு வாயுக்களை உண்டாக்கும்.

கழிவை இறக்க நம் பகுதியில் தனி இடம் கிடைப்பது அரிது. வீட்டு செப்டிக் டேங்கில் இறக்குங்கள். இல்லாவிட்டால் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்தால், பெரியநாயக்கன்பாளையத்தில் இருப்பதைப் போன்ற கசடுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்வார்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்காலிலோ நொய்யல் ஆற்றிலோ ஒரு சொட்டும் விடக்கூடாது. அடைப்பு எடுக்கும்போது யாரும் தொட்டியின் திறப்பில் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும்.