விலாசத்தில் கேட்டி, வாசலுக்கு வருவது ஷெரீஃப்

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி விலாசத்தில் வீடு வாங்கிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் வாசலில் நின்ற காரின் கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நகரப் போலீஸுக்குப் போன் செய்தால், "உங்கள் வீடு எங்கள் எல்லையில் வராது, ஷெரீஃப் ஆபீஸைக் கூப்பிடுங்கள்" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ கான்ஸ்டபிளைக் கூப்பிடச் சொல்கிறார். எங்களுக்கு யார்தான் போலீஸ்? டிசம்பரில் ஐந்து வாரம் ஊருக்கு வேறு போகிறோம், வீடு பூட்டிக் கிடக்கும்.

பதில்: நகரப் போலீஸ் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, சொன்னது சரிதான். உங்கள் விலாசத்தில் இருக்கும் கேட்டி, தபால்காரருக்கான கேட்டி. கேட்டி நகராட்சியின் எல்லை சின்னது, அதுவும் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒவ்வொரு கால் வைத்துக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் அதே ஊர்ப் பெயரோடு இருக்கும் ஏராளமான குடியிருப்புகள் எந்த நகராட்சியிலும் சேராதவை. ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் இப்படி நகராட்சியில் சேராத இடங்களில் 20 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள், ஆகவே ஷெரீஃப் என்றதும் குதிரையும் தொப்பியுமாக ஒரு குக்கிராமத்தைக் கற்பனை செய்ய வேண்டாம்.

உங்கள் வீடு எதில் வருகிறது என்று பார்க்கச் சுலபமான வழி சொத்து வரிதான். பில் இன்னும் வரவில்லை என்றால் உங்கள் கவுண்டியில் சொத்துக்கு மதிப்புப் போடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் விலாசத்தைப் போட்டுத் தேடுங்கள், யார் யாருக்கு வரி கட்டுகிறீர்கள் என்று வரிசையாக வரும். கவுண்டி இருக்கும், பள்ளி மாவட்டம் இருக்கும், தண்ணீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் 'மட்' (MUD) என்ற உள்ளூர் அமைப்பு இருக்கும். நகராட்சி பெயரே அதில் இல்லையென்றால் உங்களுக்கு நகரப் போலீஸ் கிடையாது. எந்தக் கவுண்டி என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், மூன்று கவுண்டி ஒட்டிக்கிடக்கும் இடத்தில் அது முக்கியம்.

சரி, ஷெரீஃப் யார்? சென்னையிலும் 1998 வரை ஷெரீஃப் என்று ஒரு பதவி இருந்தது, விழாக்களில் வரவேற்புரை வாசிக்கும் அலங்காரப் பதவி. இங்கே அப்படி இல்லை. டெக்சாஸில் 254 கவுண்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஷெரீஃப். நம் ஊர் எஸ்.பி.யை மாற்றுவது போல மேலிடம் நினைத்தால் இவரைத் தூக்கி வேறு ஊருக்குப் போட முடியாது. பட்ஜெட்டை மட்டும் ஐந்து பேர் கொண்ட கமிஷனர்ஸ் கோர்ட் தீர்மானிக்கிறது (பெயரில்தான் கோர்ட், உண்மையில் அது கவுண்டியின் நிர்வாக சபை).

ரோந்து கார் மட்டும்தான் நம் கண்ணில் படும். கவுண்டி ஜெயிலை நடத்துவது ஷெரீஃபின் பொறுப்பு, பணமும் ஆட்களும் பெருமளவில் அங்கேதான் போகின்றன. கைதிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது, வாரண்ட், துப்பறிவு, அவசர அழைப்பு வந்தால் வண்டி அனுப்புவது எல்லாம் அதே ஆபீஸ். மீதி இருக்கும் டெபுடிகள்தான் (ஷெரீஃபுக்குக் கீழே வேலை செய்யும் போலீஸ்காரர்கள்) பகுதி பகுதியாகப் பிரித்து, ஷிஃப்ட் போட்டுச் சுற்றுகிறார்கள். துப்பாக்கி, சண்டை, விபத்து என்றால் முதலில் அங்கே ஓடுவார்கள். ராத்திரி உடைத்த கண்ணாடியைக் காலையில் பார்த்துச் சொன்னால் அது வரிசையில் கடைசி, சில சமயம் போனிலேயே விவரம் வாங்கிக்கொள்வார்கள். அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து கான்ஸ்டபிள். நமக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஏட்டய்யா ஞாபகம் வரும். டெக்சாஸில் கான்ஸ்டபிள் என்பவர் தேர்தலில் ஜெயித்து வரும் தனித் துறைத் தலைவர், அவருக்குக் கீழே அவருடைய டெபுடிகள். ஹாரிஸ் கவுண்டியில் எட்டு பிரிசிங்க்ட் (கவுண்டிக்குள் பிரித்த வட்டாரங்கள்), எட்டு கான்ஸ்டபிள்கள். கோர்ட் நோட்டீஸ் கொடுப்பதும் வாடகைக்காரரைக் காலி செய்ய வைப்பதும் பழைய வேலை, இப்போது ரோந்தும் போகிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அநேகமாக இதைத்தான்: குடியிருப்புச் சங்கமோ மட்டோ கவுண்டிக்குப் பணம் கட்டி, தங்கள் தெருக்களிலேயே பெரும்பாலான நேரம் சுற்ற டெபுடிகளை ஒப்பந்தம் எடுத்துக்கொள்ளலாம். அது ஷெரீஃபின் ஆளாகவும் இருக்கலாம், கான்ஸ்டபிளின் ஆளாகவும் இருக்கலாம். சங்கத்துக்கு ஒரு மெயில் போட்டு யாரோடு ஒப்பந்தம் என்று கேளுங்கள், நீங்கள் கட்டும் பணம்தானே. கலிஃபோர்னியாவில் முழு நகரங்களே இப்படிச் செய்கின்றன, 1954-இல் லேக்வுட் தொடங்கிவைத்தது. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் கூபர்டினோவுக்கும் சொந்தப் போலீஸ் கிடையாது, சாண்டா கிளாரா கவுண்டி ஷெரீஃப்தான்.

இப்போது உங்கள் வேலை. உயிருக்கோ வீட்டுக்கோ ஆபத்து என்றால் யார் எல்லை என்று யோசிக்காமல் 911, முதல் வாயிலேயே இடத்தைச் சொல்லுங்கள். செல்போன் அழைப்பு பக்கத்துக் கவுண்டிக்குப் போய் விழுந்தாலும் மாற்றிவிடுவார்கள். திருட்டுக்கு, ஷெரீஃப் ஆபீஸின் அவசரமில்லாத எண்ணில் புகார் கொடுத்து கேஸ் நம்பரை வாங்குங்கள், லேப்டாப்பின் சீரியல் நம்பரைக் கட்டாயம் சேருங்கள். கண்ணாடி கார் இன்ஷூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, உடைப்பு போன்றவற்றுக்கான பகுதி) இருந்தால் வரும், லேப்டாப் பொதுவாக வீட்டு இன்ஷூரன்ஸில் வரும், ஆனால் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய டிடக்டிபிள் கழித்தால் மிஞ்சுமா என்று கணக்குப் போட்டுவிட்டு க்ளெய்ம் செய்யுங்கள். பையில் பாஸ்போர்ட் இருந்திருந்தால் புகார் நகல் இல்லாமல் இந்தியத் தூதரகத்தில் வேலை நடக்காது.

ஊருக்குப் போகும்முன் ஒப்பந்தம் யாரோடோ அவர்களிடம் 'வெகேஷன் வாட்ச்' கேட்டு எழுதிக்கொடுங்கள்: போகும் தேதி, வரும் தேதி, சாவி யாரிடம், வாசலில் எந்தக் கார் நிற்கும் என்பது வரை. அவ்வப்போது வந்து கதவை, ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவார்கள், ராத்திரி முழுக்கக் காவலுக்கு நிற்க மாட்டார்கள்.

அப்புறம், புகார் கொடுத்த ஜோரில் ஷெரீஃப் ஆபீஸிலிருந்து யார் பேசினாலும் நம்பத் தோன்றும். "ஜூரி டியூட்டிக்கு வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டில் அபராதம் கட்டு" என்று ஒரு குரல் மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள். எந்த ஷெரீஃபும் போனில் பணம் கேட்பதில்லை. நீங்கள் ஹெச்-1பி-யிலோ கிரீன் கார்டிலோ இருந்தால், குடியுரிமை இல்லாத உங்களுக்கு ஜூரியில் உட்காரத் தகுதியே கிடையாது.