ஊசித்துளைக் கேமராவில் படம் மங்கலாகவோ முழுக் கறுப்பாகவோ வருவது ஏன்?

தகர டின்னில் ஊசியால் குத்தி, உள்ளே கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர் வைத்து எடுத்தால் படம் ஒரு நேரம் மங்கலாகவும் ஒரு நேரம் முழுக் கறுப்பாகவும் வருகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் துளைதான். துளை சிறுக்கச் சிறுக்கப் படம் கூர்மையாகும் என்பது ஓரளவுக்குத்தான் சரி. ரொம்பச் சிறுத்தால் ஒளி விளிம்பில் பட்டுப் பரவி மறுபடி மங்கிவிடும். துளைக்கும் பேப்பருக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 0.045 ஆல் பெருக்குங்கள். தூரம் 100 என்றால் துளை 0.45 மி.மீ.; 64 என்றால் 0.36.

டின் சுவரிலேயே குத்த வேண்டாம். சுவரில் 1 செ.மீ. ஓட்டை போட்டு, குளிர்பான கேனில் வெட்டிய அலுமினியத் துண்டை உள்பக்கம் ஒட்டுங்கள். துண்டை அட்டைமேல் வைத்து ஊசி முனையால் அழுத்துங்கள். துளைத்துவிடாமல், பின்பக்கம் சின்னப் புடைப்பு வந்தால் போதும். அதை 600 எண் உப்புத்தாளில் தேய்த்தால் துளை தானாகத் திறக்கும். பிறகு ஊசியை மெல்லச் சுழற்றி வட்டமாக்குங்கள். பிசிறு நின்றால் கூர்மை போச்சு. கண்மதிப்பை நம்பாமல், துண்டை ஸ்கேனரில் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்துப் பாருங்கள்: 0.45 மி.மீ. துளை சுமார் 21 பிக்சல் அகலம் காட்டும்.

100 மி.மீ. தூரத்தில் 0.45 மி.மீ. துளைக்கு எஃப் எண், அதாவது தூரத்தைத் துளை அகலத்தால் வகுத்தது, சுமார் 220. போட்டோ பேப்பரின் வேகத்தை (ஒளி பட்டால் எவ்வளவு சீக்கிரம் கறுக்கும் என்ற அளவை) ஐஎஸ்ஓ 6 என்று கொண்டால் நல்ல வெயிலில் அரை நிமிடம் தொடக்கம். 15, 30, 60, 120 விநாடி என நான்கு துண்டு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மல்டிகிரேட் பேப்பரில் (ஒளியின் நிறத்தைப் பொறுத்து கான்ட்ராஸ்ட் மாறும் பேப்பர்) வானம் முழுக்கக் கறுத்து நிழல் வெறுமையாக வந்தால், துளைக்கு முன் மஞ்சள் ஃபில்டர் வைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

முழுக் கறுப்புக்கு வருவோம். இந்தப் பேப்பரில் வருவது நெகட்டிவ்: ஒளி பட்ட இடம் கறுக்கும், படாத இடம் வெள்ளையாக இருக்கும். பேப்பரைப் பிடித்திருந்த டேப்புக்கு அடியில் பாருங்கள். அங்கே வெள்ளை, மற்ற இடமெல்லாம் ஒரே சீராகக் கறுப்பு என்றால் நேரம் அதிகம். அங்கேயும் சாம்பல் படிந்திருந்தால் இருட்டறையின் சிவப்பு விளக்கோ பழைய பேப்பரோதான் காரணம். ஓரத்திலிருந்து கறுப்புக் கோடு பாய்ந்தால் மூடியில் ஒளிக்கசிவு. பிளாஸ்டிக் மூடி பெரும்பாலும் ஒளியை விடும், அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். டின்னின் உள்பக்கத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் கட்டாயம்.

டின்மேல் ஒரு கல்லை வையுங்கள். துளையை மூடும் ஷட்டராக ஒட்டிய டேப்பை உரிக்கும்போதே கேமரா ஆடிவிடும்.

கழுவிய நெகட்டிவை ஸ்கேன் செய்து நிறத்தைத் தலைகீழாக்கினால் மட்டும் போதாது. இடவலம் மாறியிருக்கும், அதையும் திருப்புங்கள்.