அதே நூறு ரூபாய்

கேள்வி: 400 ரூபாய்க் குடை 300-க்குக் கிடைக்கிறது என்று மலையேறிக் குமுளிக்குப் போகும் என் கணவர், 20,000 ரூபாய் ஃப்ரிட்ஜில் அதே 100 ரூபாய் குறைந்தால் பொருட்படுத்துவதில்லையே, ஏன்? (வாசகி, கம்பம்)

பதில்: மிச்சமாகும் தொகையை மனம் தனியே பார்ப்பதில்லை, விலையில் அது எத்தனை பங்கு என்றே பார்க்கிறது. உளவியலாளர்களான ட்வெர்ஸ்கியும் கானமனும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், 15 டாலர் கால்குலேட்டரில் 5 டாலர் மிச்சம்பிடிக்க இருபது நிமிடம் காரில் செல்ல 68 சதவீதத்தினர் இசைந்தனர். விலை 125 டாலர் என்றபோது, அதே 5 டாலருக்கு இசைந்தவர்கள் 29 சதவீதத்தினரே. ஆகவே இது உங்கள் கணவரின் தனிக்குறையன்று. பெரிய செலவுகளில், குறிப்பாக வீடு கட்டும்போது, 'ஆயிரம்தானே' என்று கைவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. பேருந்துக் கட்டணமும் அரைநாளும் போக அந்த நூறில் என்ன மிஞ்சும் என்று அவரையே கணக்கிடச் சொல்லுங்கள்.