சிங்கப்பூர் ஆறும் கூவமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு சிங்கப்பூரிலிருந்து போன வாரம் திரும்பினேன். அமைந்தகரையில் பாலத்தைக் கடக்கும்போது கூவத்தின் நாற்றத்தில் வயிற்றைப் புரட்டியது. அறுபது வருடமாகப் பார்க்கும் ஆறுதான். இதுவரை அப்படி ஆனதில்லை. மூக்கைப் பொத்தியதைப் பார்த்துத் தம்பி மனைவி, "ஒரு மாசத்துல நம்ம ஊர் கசந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதானே? எத்தனை திட்டம் போட்டாலும் நம்ம ஜனங்களுக்கு அந்த ஒழுங்கு வராது. நான் நினைப்பது தப்பா?

ர., அமைந்தகரை

அன்புள்ள ர.,

மூக்கைப் பொத்தியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாறுவது நாறத்தான் செய்யும். பழகிப்போனதால் இத்தனை நாள் உறைக்காமல் இருந்தது, அவ்வளவுதான். அந்த அருவருப்பைச் சீக்கிரம் மறந்துவிடாதீர்கள். எனக்கு உடன்பாடில்லாதது உங்கள் கடைசி வரிகள்தான்: "நம்ம ஜனங்களுக்கு வராது."

மகளோடு மாலையில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் போட் கீ பக்கம் நடந்திருப்பீர்கள். இன்று வரிசையாக உணவகங்கள் இருக்கும் அந்தக் கரையில் 1970களில் நின்றிருந்தால் அங்கேயும் மூக்கைப் பொத்தியிருப்பீர்கள். ஆற்றை அடைத்துக்கொண்டு தொங்கான்கள் என்னும் சரக்குப் படகுகள். அவற்றின் எண்ணெய்க் கசடு, நடைபாதைக் கடைகளின் எச்சில், கழிப்பறை இல்லாத குடிசைகளின் கழிவு, பக்கத்துக் காலாங் ஆற்றுப் பகுதியில் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைச் சாக்கடை எல்லாம் தண்ணீரில்தான் கலந்தன. 1977இல் ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பத்து வருடத்தில் இந்த ஆறுகளில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று கெடு வைத்தார். 1987இல் வேலை முடிந்தது. வாளிகளில் மலம் அள்ளும் முறையும் அதே வருடம்தான் அங்கே ஒழிந்தது. 2008இல் மரினா அணை வந்த பிறகு, அந்த ஆறு போய்ச் சேரும் இடம் குடிநீர்த் தேக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பத்து வருடத்தில் சிங்கப்பூர் மக்களின் பிறவிக் குணம் மாறிவிட்டதா என்ன? இல்லை. நடைபாதைக் கடைக்காரருக்குக் குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடியில் இடம் கிடைத்தது. குடிசையில் இருந்தவருக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. தொங்கான்களை 1983இல் ஆற்றை விட்டுக் கடலோரப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். தலைமுறையாக ஆற்றில் பிழைத்தவர்களுக்கு அது வலித்தது, பலர் தொழிலையே விட்டார்கள். அதையும் மறைக்கக் கூடாது. அபராதமும் இருந்தது, சரி. ஆனால் எச்சில் இலையைக் கொட்ட வேறு இடத்தைக் காட்டிவிட்டுத்தான் அபராதம் போட்டார்கள்.

அப்புறம், அந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் இன்று பராமரிப்பவர்கள் யார் என்று கவனித்தீர்களா? காலையில் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து வேலைக்குப் போகும் முகங்களில் எத்தனையோ நம் புதுக்கோட்டை, திருவாரூர் முகங்கள். ஒழுங்கு வராது என்று நீங்கள் சொல்லும் அதே ஜனங்கள். அங்கே தமிழர்கள் கூடும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அந்த வரியை எழுத உங்களுக்கே மனம் வந்திருக்காது.

வெளிநாட்டுப் பயணத்தில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். நம் ஊரின் அழுக்கு விதியோ சுபாவமோ இல்லை, யாரோ செய்யாமல் விட்ட வேலை என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு கோபம் ஜனங்கள் மேல் வராது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுபவர்கள் மேல் வரும். நம் ஊரில் கூவத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லும்போதெல்லாம் முதலில் அப்புறப்படுத்தப்படுவது கரையோரக் குடிசைகள். உங்கள் பகுதிக் கரைகளில் இருந்த குடும்பங்களையே 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அமைந்தகரையில் வீட்டு வேலை பார்த்த பெண் அங்கிருந்து எப்படிக் காலை ஆறு மணிக்கு வந்து சேருவாள்? பிள்ளைகளுக்குப் பாதிப் படிப்பில் பள்ளிக்கூடம் மாறியது. குடிசைகள் போன பிறகும் நாற்றம் போகவில்லை என்பதை உங்கள் மூக்கே சொல்லிவிட்டது. நகரத்தின் சாக்கடை இன்னும் அதில்தானே விழுகிறது?

ஒன்று செய்யுங்கள். தம்பி மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பேரம்பாக்கம் பக்கத்தில் இருக்கும் கூவம் கிராமத்துக்குப் போய் வாருங்கள். சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் என்னும் சிவத்தலம் அதுதான். ஆற்றுக்கு அந்த ஊர்ப் பெயர்தான். அங்கே மூக்கைப் பொத்த வேண்டியிருக்காது. திரும்பி வரும்போது எந்த இடத்தில் தண்ணீர் கறுக்கத் தொடங்குகிறது, எந்தக் குழாய் வந்து விழுகிறது என்று கரையோரமாகப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை நாம் இருவரும் சேர்ந்தே மாநகராட்சிக்கு எழுதுவோம்.